மவுஸ் பிடித்தால் மணிக்கட்டு வலிக்குதா? டிராக்பால் முதல் ஸ்பிளிட் கீபோர்டு வரை... எது கைக்கு இதம்?

போனில் ஒரு போட்டோவை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குகிறோம். இந்தப் பழக்கம் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையில், கை வலியால் கீபோர்டில் டைப் செய்யவே திணறிய ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. அவர் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம். அதற்கு முன்னால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் எதற்காக ஒரு மவுஸை விட்டு இன்னொரு மவுஸுக்கு, ஒரு கீபோர்டை விட்டு இன்னொரு கீபோர்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

இந்தத் தேடலில் இறங்கிய கேட்ஜெட் பிரியர்களின் மேசை டிராயர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடியில் கம்ப்யூட்டரோடு வந்த சாதா மவுஸ். அதற்கு மேல், வாங்கிய புதிதில் "அடடா, இதுதான்டா!" என்று சொல்லவைத்த வெர்டிகல் மவுஸ். அப்புறம் கட்டைவிரலால் உருட்டுகிற டிராக்பால். இரண்டு துண்டாகப் பிரிந்த கீபோர்டு ஒன்று, பாதி பழகி விட்டது. பார்க்கிறவர்களுக்கு இது வெறும் ஆசை மாதிரி தெரியும். ஆனால், எட்டு மணி நேரம் டைப் செய்தால்தான் சம்பளம் என்கிற ஒருவருக்கு மணிக்கட்டில் சுருக்கென்று வலி வந்தால் அது பிழைப்புப் பிரச்சனை.

வலி எங்கிருந்து வருது?

ஒரு சின்ன சோதனை. கையைத் தளர்வாகத் தொங்க விடுங்கள். உள்ளங்கை உங்கள் தொடையைப் பார்த்தபடிதான் இருக்கும். இப்போது அதே கையை மேசை மேல் கொண்டுபோய் மவுஸ் மேல் வையுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கிறது இல்லையா? இந்தத் திருப்பலில் முன்னங்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகப் போய் நிற்கிறது. அஞ்சு நிமிஷத்துக்கு இதில் ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க என்றால் முன்னங்கைத் தசைகள் அந்தத் திருப்பலைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது கீபோர்டு. நேர்கோட்டில் இருக்கும் கீபோர்டில் இரண்டு கையையும் வைக்க, முழங்கை வெளியே இருக்க, மணிக்கட்டு மட்டும் சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்குமே, அதைத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கியும் மடங்கும். பலரும் அதைக் கைக்கு வசதிக்காகக் கொடுத்தது என்று நினைத்துத் தூக்கித்தான் வைக்கிறார்கள். கைக்கு அது நல்லதில்லை. மடக்கியே விடலாம்.

மூன்றாவது வில்லன் நம்பர் பேட். கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் அந்த எண் பட்டன்கள், மவுஸை இன்னும் வலது பக்கம் தள்ளி விடுகின்றன. ஒவ்வொரு முறை மவுஸைத் தொடும்போதும் தோள்பட்டை வெளியே போய் வருகிறது. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு நம்பர் பேட் வேண்டும். மற்றவர்களில் பலர் அதை எப்போது கடைசியாகத் தொட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மணிக்கட்டில் ஒரு குறுகலான குகை இருக்கிறது. கார்பல் டனல் என்பது அதன் பெயர். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன. சந்துக்குள் நெருக்கடி அதிகமானால் நரம்பு நசுங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி வரை மரத்துப் போகும். சுண்டுவிரல் தப்பித்துவிடும், ஏன்னா அதற்கு வேறு நரம்பு. ஆனால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் எல்லா கை வலியும் கார்பல் டனல் இல்லை. தசைநாண் அழற்சி, முழங்கை வலி, கழுத்திலிருந்து இறங்கும் வலி என்று பட்டியல் நீளும். மவுஸ் பிடிப்பதால் மட்டுமே கார்பல் டனல் வருகிறது என்பதும் மருத்துவ உலகில் உறுதியாக நிறுவப்படவில்லை. அதிக விசையோடு பிடிக்கும் வேலை, அதிர்வு தரும் கருவிகள் ஆகியவற்றோடு அதற்கு இருக்கும் தொடர்பு இன்னும் வலுவானது. சர்க்கரை நோய், தைராய்டு பிரச்சனை, கர்ப்ப காலம் ஆகியவையும் காரணமாகலாம்.

300 வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் புலம்பல்!

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இதெல்லாம் என்று நினைத்தால் அது தப்பு. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று அழைக்கப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி, 1700-ல் வெளியிட்டு 1713-ல் விரிவாக்கிய தன் நூலில் எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம். இன்றைய ஐடி கம்பெனிக்கும் இது அப்படியே பொருந்தும்.

ராமஸினிக்குத் தெரிந்த ஒரு நோட்டரி. எழுதி எழுதி அவருக்கு வலது கை சோர்ந்து, கடைசியில் செயலிழந்தே போனது. மனிதர் விடவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். கொஞ்ச நாளில் இடது கைக்கும் அதே நோய் வந்துவிட்டது.

வலிக்கிறதென்று கருவியை மட்டும் மாற்றுகிற எல்லோரும் இந்த நோட்டரி கதையை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது. வேலையின் அளவு குறையவில்லை என்றால், வலி இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். கட்டைவிரல் டிராக்பாலுக்கு மாறியவர்களுக்கு மணிக்கட்டு சரியாகி, கட்டைவிரலின் அடியில் வலி தொடங்குவது இப்படித்தான்.

டைப்ரைட்டர் காலத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் கையைத் தூக்கி லீவரைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் பேப்பரை உருவி, புதுசு சொருக வேண்டும். அதெல்லாம் கைக்குக் கிடைத்த குட்டிக் குட்டி ஓய்வு. கம்ப்யூட்டர் அதை மொத்தமாக எடுத்துவிட்டது. 1980-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டு ஊழியர்களிடையே கை வலிப் புகார்கள் அலை மாதிரி கிளம்பி, பிறகு மளமளவென்று குறைந்தன. காரணம் உடலா, வேலைச் சூழலா, மன அழுத்தமா என்று அப்போது பெரிய சர்ச்சையே நடந்தது.

மவுஸுக்கு முன்னாடியே டிராக்பால்

இன்று நாம் பிடிக்கும் மவுஸின் முதல் வடிவம் ஒரு மரக்கட்டை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்ததை, அவருடைய சகா பில் இங்கிலிஷ் 1964-ல் செய்துகொடுத்தார். 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதைப் பொதுமேடையில் காட்டினார். அந்த மேடையில் இன்னொரு கருவியும் இருந்தது. அவரது இடது கைக்குக் கீழே, பியானோ கட்டைகள் போல் 5 கட்டைகள் கொண்ட ஒரு கீசெட். வலது கையை மவுஸிலிருந்து எடுக்காமலே, இடது கையால் அந்தக் கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி எழுத்துகளைத் தர முடியும். வேலையை இரண்டு கைக்கும் பங்கு போட்ட ஏற்பாடு அது. உலகம் மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டு கீசெட்டை மறந்துவிட்டது. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும் என்ற ஒரே குறைதான் அதன் மேல் பெரிதாகச் சொல்லப்பட்டது.

டிராக்பால் மவுஸை விடப் பழசு. 1950-களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்காக உருவான டேட்டார் திட்டத்தில் அதைச் செய்தார்கள். உருட்டுவதற்கு என்ன பந்து போட்டார்கள் தெரியுமா? கனடாவில் பிரபலமான ஃபைவ் பின் பவுலிங் பந்து! டிராக்பாலில் கை நகராது, பந்து மட்டும்தான் சுழலும். அதனால் தோளுக்கும் முழங்கைக்கும் ஓய்வு. மேசையில் இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். கட்டைவிரலால் உருட்டும் வகை பிடிக்கச் சுலபம், ஆனால் மொத்தச் சுமையும் ஒரே விரலில். பந்து நடுவில் இருந்து பல விரலால் உருட்டும் வகை பழக நேரமாகும், ஆனால் சுமை பிரியும். இரண்டு கைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். அப்புறம், பந்தை அவ்வப்போது வெளியே எடுத்து உள்ளே சேரும் அழுக்கைத் துடைக்க வேண்டும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

வெர்டிகல் மவுஸின் தத்துவம் ரொம்ப எளிமை. ஒருவருக்குக் கை குலுக்கும்போது கை எப்படி நிற்குமோ, கிட்டத்தட்ட அப்படியே பிடிக்க வேண்டும். முன்னங்கை எலும்புகள் குறுக்கே திரும்புவது குறையும். லாஜிடெக் 2018-ல் கொண்டுவந்த எம்எக்ஸ் வெர்டிகல் மவுஸில் இந்தச் சாய்வு 57 டிகிரி. முழுக்கச் செங்குத்தாக நிற்காமல் 57-ல் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. ரொம்பச் செங்குத்தானால் துல்லியம் போய்விடும், கிளிக் செய்யும்போது மவுஸே பக்கவாட்டில் நகரும். உங்கள் கை சிறியதா பெரியதா என்பதும் இதில் முக்கியம். பெரிய வெர்டிகல் மவுஸை எட்டிப் பிடிக்கும் சின்னக் கைக்குப் பழைய மவுஸே தேவலாம். இடது கைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். பல மாடல்கள் வலது கைக்கு மட்டுமே வருகின்றன.

கீபோர்டைப் பிளந்தால் என்ன?

இப்போதைய குவெர்ட்டி எழுத்து வரிசை, கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கி 1874-ல் விற்பனைக்கு வந்த டைப்ரைட்டரின் வாரிசு. விரல்களின் வசதிக்காக யோசித்து அடுக்கியது இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆகஸ்ட் டிவொராக், அடிக்கடி வரும் எழுத்துகளை நடு வரிசையில் வைத்து ஒரு புது அடுக்கை 1936-ல் காப்புரிமை செய்தார். பெரிதாக எடுபடவில்லை. ஏற்கனவே கோடிக்கணக்கான விரல்கள் பழையதைப் பழகிவிட்டன என்பதுதான் காரணம்.

எழுத்து வரிசையைத் தொடாமல் கீபோர்டின் உடம்பை மாற்றியவர்கள் கொஞ்சம் ஜெயித்தார்கள். 1970-களில் பிரிட்டனில் லிலியன் மால்ட், ஸ்டீபன் ஹாப்டே இருவரும் சேர்ந்து, விரல் நீளத்துக்கு ஏற்றபடி கிண்ணம் மாதிரி குழிந்த மால்ட்ரான் கீபோர்டை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் கினஸிஸ் நிறுவனம் அதே வழியில் வந்தது. 1994-ல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டு, நடுவில் பிளந்து வளைந்த வடிவத்தைச் சாதாரண ஆட்கள் மேசைக்குக் கொண்டுவந்தது.

இன்றைய ஆர்வலர்கள் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். எர்கோடாக்ஸ் போன்ற, யார் வேண்டுமானாலும் வடிவமைப்பை எடுத்துச் செய்துகொள்ளக்கூடிய கீபோர்டுகளில் இடது பாதியும் வலது பாதியும் தனித்தனி. தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம். சாதா கீபோர்டில் இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து ஸ்பேஸ் பார் ஒன்றை மட்டும் தட்டிக்கொண்டு சும்மா இருக்க, பாவம் சுண்டுவிரல் ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர், பேக்ஸ்பேஸ் என்று ஓடியாடும். இந்தக் கீபோர்டுகளில் என்டரும் பேக்ஸ்பேஸும் கட்டைவிரலுக்கு வந்துவிடும். பட்டனுக்குள் இருக்கும் ஸ்விட்சைக்கூட மாற்றலாம். செர்ரி எம்எக்ஸ் ரெட் வகை ஸ்விட்ச், மொத்தமுள்ள 4 மில்லிமீட்டர் ஆழத்தில் 2 மில்லிமீட்டர் இறங்கினாலே எழுத்து பதிவாகிவிடும், அதுவும் சுமார் 45 கிராம் விசையில். அடிவரை ஓங்கிக் குத்துகிறவர்களுக்கு எந்த ஸ்விட்சும் உதவாது என்பது வேறு விஷயம்.

விலையை விடப் பெரிய செலவு, பழகும் காலம். முதல் சில நாளில் சொந்தப் பெயரை டைப் அடிக்கவே தடுமாறும். ஆபீஸில் வேலை நெருக்கடி உள்ள வாரத்தில் இந்தப் பரீட்சையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வலியில் இருந்து பிறந்த மல்டி டச்

இப்போது அந்த மாணவர். பெயர் வெய்ன் வெஸ்டர்மேன். 1990-களில் அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பியானோவும் வாசிப்பார். ஓயாத கை வேலையால் வரும் வலி அவரைப் பிடித்துக்கொண்டது. பட்டனை அழுத்துவதே வலி என்றால், அழுத்தவே தேவையில்லாத கீபோர்டு செய்தால் என்ன என்பதுதான் அவர் யோசனை. பேராசிரியர் ஜான் எலியாஸோடு சேர்ந்து, எத்தனை விரல்கள் எங்கே தொடுகின்றன, அது எந்த விரல் என்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கும் ஒரு பரப்பை உருவாக்கினார். 1999-ல் வந்த அவருடைய பிஎச்.டி ஆய்வேடே இதைப் பற்றித்தான்.

பல விரல் தொடுதலை உணரும் ஆராய்ச்சிகள் அதற்கு முன்பே கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவைதான். ஆனால் இவர்கள் இருவரும் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களது டச்ஸ்ட்ரீம் கீபோர்டில் அசையும் பட்டன் ஒன்றுகூட இல்லை. பரப்பின் மேல் லேசாகத் தொட்டால் எழுத்து. அதே பரப்பில் விரல்களைச் சேர்த்து நகர்த்தினால் மவுஸ். கிள்ளுவது போல் விரலைச் சேர்த்தால் கட். ஜாடி மூடியைத் திறப்பது போல் கையைத் திருப்பினால் ஃபைல் ஓபன். மவுஸைத் தேடிக் கை அலைய வேண்டிய வேலையே கிடையாது.

குறையும் இருந்தது. பட்டன் இறங்கும் உணர்வு இல்லாததால் விரல் எங்கே இருக்கிறது என்று பழகாதவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் கை வலியோடு வேலை பார்த்தவர்கள் பலர் அதை உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். 2005-ல் ஃபிங்கர்வொர்க்ஸ் கடையை மூடியது. ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது, வெஸ்டர்மேனும் எலியாஸும் அங்கே வேலைக்குப் போனார்கள். 2007 ஜனவரி 9-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டியபோது மேடையில் அவர் பெருமையாகச் சொன்ன சொல், மல்டி டச். டச்ஸ்ட்ரீமை நம்பியிருந்தவர்களுக்கோ புதுக் கீபோர்டு வரவில்லை. கையில் இருந்தது பழுதானால் அவ்வளவுதான் என்ற நிலை. பழைய கீபோர்டுகளை வாங்கிய விலையை விட அதிகம் கொடுத்து இணையத்தில் தேடி வாங்கினார்கள்.

கை வலிக்காக வந்த கண்டுபிடிப்பு இன்று எல்லோர் பாக்கெட்டிலும் இருக்க, அதைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலிக்கிறது என்று டாக்டரிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். என்னத்தச் சொல்ல!

தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு ஒரு சுலப வழி

புதுக் கருவி எதுவும் வாங்காமல் விரல் வேலையைக் குறைக்க, தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய் வரிசையில் பெரும்பாலானவை வலது கைப் பக்கம். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் வலது, இடது என்று கைகளும் மாறி மாறி வேலை செய்யும். அதிகம் வரும் க, ப, ம, த, ந எல்லாம் விரல் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் நடு வரிசையிலேயே இருக்கின்றன.

புள்ளி வைப்பதையும் அது பாதி பார்த்துக்கொள்ளும். 'அம்மா' என்று வர அ, ம, ம, ஆ என்று 4 தட்டு போதும், முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர்கள் இதே சொற்களுக்கு எத்தனை தட்டு தட்டுகிறார்கள் என்று ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம். ண, ன, ள, ழ வரும்போது ஷிஃப்டைத் தேடிச் சுண்டுவிரல் நீட்டுவதும் இதில் இல்லை. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டு கீபோர்டு ஆப்கள் பலவற்றிலும் இது இலவசமாகவே கிடைக்கிறது.

அப்போ, எதை வாங்கலாம்?

இந்தக் கீபோர்டு போட்டால் கை வலி போய்விடும் என்று எந்தக் கருவிக்கும் உத்தரவாதம் இல்லை. மாற்றுக் கீபோர்டு, மவுஸ் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் கலந்துதான் இருக்கின்றன. மணிக்கட்டின் வளைவு குறைகிறது என்பதை அளந்து காட்ட முடிகிறது. அதனால் வலியும் குறையும் என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியவில்லை. ஒருவருக்குச் சொர்க்கமாக இருக்கும் டிராக்பால் இன்னொருவருக்கு ஒத்தே வராது.

அதனால் காசு செலவழிக்காத வேலைகளை முதலில் பார்த்துவிடலாம். கீபோர்டின் பின்கால்களை மடக்குங்கள். நாற்காலியை உயர்த்தியோ மேசையைத் தாழ்த்தியோ முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும்படி பாருங்கள். கால் தொங்கினால் அடியில் ஒரு பலகையோ தடிமனான புத்தகமோ வையுங்கள். செட்டிங்ஸில் மவுஸ் பாயின்டரின் வேகத்தைக் கூட்டினால் கை நகரும் தூரம் குறையும். மவுஸை இடது கைக்கு மாற்றி, பட்டன்களையும் செட்டிங்ஸில் மாற்றிக்கொண்டு பாதி நாள் ஓட்டலாம். நோட்டரி கதை ஞாபகம் இருக்கட்டும், முழுநாளும் வேண்டாம். நீளமாக எழுத வேண்டியதை வாயால் சொல்லலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் பட்டனோடு ஹெச் எழுத்தை அழுத்தினால் வாய்ஸ் டைப்பிங் திறக்கும்.

அதற்கும் மேல் வாங்கத்தான் வேண்டும் என்றால், வலி எங்கே என்பதை வைத்து முடிவெடுங்கள். முன்னங்கை இறுகினால் வெர்டிகல் மவுஸ். தோள்பட்டை வலித்தால் நம்பர் பேட் இல்லாத குட்டிக் கீபோர்டும் டிராக்பாலும். கட்டைவிரல் ஏற்கனவே வலிக்கிறவர்கள் கட்டைவிரல் டிராக்பால் பக்கமே போகாதீர்கள். ஒரே நாளில் இரண்டு கருவிகளை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நண்பரிடம் இருந்தால் ஒரு வாரம் கடன் வாங்கிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இல்லாவிட்டால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

விரல் மரத்துப் போய் ராத்திரி தூக்கம் கலைகிறதா, கையை உதறினால்தான் சரியாகிறதா, காபி டம்ளர் கை நழுவி விழுகிறதா? அப்போ ஆன்லைனில் அடுத்த மவுஸைத் தேடுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நரம்பில் மின்சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு பரிசோதனையில் அளந்துவிடுவார்கள். கார்பல் டனல்தான் என்று உறுதியானாலும், ஆரம்ப நிலையில் ராத்திரி மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் ஒரு பட்டையே பலருக்குப் போதுமானதாக இருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், கட்டைவிரலின் அடியில் உள்ளங்கையில் புடைத்திருக்கும் தசை மெலியத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன தசை, ஆபரேஷனுக்குப் பிறகும் முழுசாகத் திரும்பி வராமல் போகலாம்.